கீரி காட்டிய வேர்

சென்ற வருஷம் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு சிறு கிராமத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்தம் மறுநாள் காலையில்தான். மாப்பிள்ளை வீட்டார் வைத்திருந்த ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. அதற்குப் பயந்து தெருவோடு நடந்தவன், ஒரு பழைய ஓட்டு வீட்டின் வேலி அருகே நின்றேன். உள்ளே எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பரம்பரை வைத்தியர். என்னைப் பார்த்ததும், "கல்யாணத்துக்கு வந்தீங்களா தம்பி? சத்தம் பொறுக்கலியோ? உள்ளே வாங்க" என்றார்.

தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். ஆடாதோடை, கீழாநெல்லி, சிறியாநங்கை எல்லாம் எனக்கும் தெரிந்த முகங்கள்தாம். கிணற்றடி நிழலில் இருந்த ஒரு செடி மட்டும் புதிதாக இருந்தது. இடுப்பளவுகூட உயரமில்லை. கணுவுக்கு மூன்று இலையாகச் சுற்றி நின்றது. பூ வெள்ளை, பூவைத் தாங்கும் காம்பு மாத்திரம் குங்குமத்தில் தோய்த்து எடுத்ததுபோலச் சிவப்பு.

"இது என்ன ஐயா?"

"எங்க பக்கத்திலே அமல்பொரின்னு சொல்லுவோம். சாஸ்திரத்திலே சர்ப்பகந்தி. புத்தி கலங்கினவங்களுக்கு என் தகப்பனார் இந்த வேரைக் கொடுப்பார். ரத்தக்கொதிப்புக்கும் இதுதான். ஒரு காலத்திலே இங்கிலீஷ் வைத்தியர்கள் கொடுத்த ரத்தக்கொதிப்பு மாத்திரையே இதிலேருந்து எடுத்ததுதானே!"

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு என் தாத்தாவின் முகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

என் தாயாரைப் பெற்ற தாத்தா தமிழாசிரியர். வாய் ஓயாமல் பேசுகிறவர். மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனால், கடைக்காரனுக்குக் கத்தரிக்காயின் பூர்வோத்திரத்தைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவார். 1989-இல் பாட்டி போனாள். அடுத்த வருஷம் தாத்தாவுக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் கண்டுபிடித்தார். தினம் ஒரு சிறிய மாத்திரை. மாதம் ஒரு முறை கையில் பட்டையைக் கட்டிப் பார்த்து, "நன்றாக இறங்கியிருக்கிறது" என்பார் டாக்டர். எண் இறங்கியது வாஸ்தவம். தாத்தாவும் இறங்கிக்கொண்டே போனார். சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருப்பது குறைந்தது. பேச்சு நின்றது. எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, "தாத்தா, கதை!" என்று கேட்டால், என்னைப் பார்ப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டு வருஷத்தில் போய்விட்டார்.

ஊர் திரும்பியதும் அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். பழைய கடிதங்களுக்கு நடுவே தாத்தாவின் மருந்துச் சீட்டு இருந்தது. டாக்டராக இருக்கும் ஒரு நண்பரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்துவிட்டு, "இதில் ரிஸர்பின் சேர்ந்திருக்கிறது. உன் வைத்தியர் சொன்ன அந்த வேரின் சத்து" என்றார்.

கல்லூரியில் இரண்டு வருஷம் தாவர நூல் படித்துவிட்டுக் கதை எழுதக் கிளம்பியவன் நான். விட்ட படிப்பை மறுபடி தொடுவதுபோல, அந்த வேரின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பாம்புக் கதை. நாகத்தோடு சண்டைக்குப் போகும் கீரி, நடுவிலே ஓடிப்போய் ஏதோ ஒரு பச்சிலையைக் கடித்துவிட்டு வருகிறது என்பது நம் நாட்டில் பாட்டிமார் எல்லோரும் சொல்லும் கதை. கோவாவில் இருந்த போர்ச்சுக்கீசிய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் அச்சிட்ட மருந்து நூலிலும் இது இருக்கிறது. இலங்கையில் பாம்புக்கடிக்கு வழங்கும் ஒரு வேரைப் பற்றி எழுதும்போது, கீரியின் பெருமையையும் அவர் சொல்கிறார். அந்த வேர் சர்ப்பகந்திதான் என்று பின்னால் வந்த அறிஞர் பலர் கருதினார்கள். வேரும் பாம்பு மாதிரி வளைந்து நெளிந்துதான் இருக்கும்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை வேறு. கீரியின் உடம்பிலே, நாகவிஷம் வந்து பற்றிக்கொள்ள வேண்டிய இடத்தின் அமைப்பே மாறியிருக்கிறது. விஷம் அங்கே ஒட்டுவதில்லை. கீரிக்குப் பச்சிலை தேவையே இல்லை. பாம்பு கடித்த மனிதனுக்கோ இந்த வேரால் பயனில்லை. ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு ஊசிதான் பிழைக்க வழி. பாம்பின் பெயரால் பிரசித்தி பெற்ற செடிக்குப் பாம்பு விஷயத்தில் மட்டும் சக்தி இல்லை!

கார்சியாவுக்கு நூறு வருஷத்துக்குப் பின், கொச்சியில் டச்சுக்காரர்களின் தலைவராக இருந்த வான் ரீடே, மலையாள நாட்டுச் செடிகளையெல்லாம் படம் வரைந்து ஒரு பெரிய நூலாக்கினார். 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' என்ற அந்நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதன் ஆறாவது பாகத்தில் இந்தச் செடி நிற்கிறது, 'சுவன்ன அமல்பொரி' என்ற நாட்டுப் பெயரோடு. சுவன்ன என்றால் சிவந்த என்று அர்த்தம். நாகர்கோவில் வைத்தியர் எனக்குச் சொன்ன அதே பெயர்! வான் ரீடேக்குச் செடிகளின் குணத்தைச் சொன்னவர்களில் முக்கியமானவர் சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். தம் வீட்டு ஏடுகளைப் பார்த்துச் சொன்னதாக அவர் எழுதிக் கொடுத்த உறுதிமொழி அந்நூலிலேயே அச்சாகியிருக்கிறது. மேனாட்டார் நம்மவர் பெயரை மறைக்காமல் போட்ட அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

செடிக்கு நிலைத்த பெயரோ வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தது. லியோன்ஹார்ட் ராவுல்ஃப் என்று ஒரு ஜெர்மன் வைத்தியர். 1573-இல் புறப்பட்டு அலெப்போ, பாக்தாத் என்று சுற்றினார். அங்கே ஜனங்கள் கறுப்பாக ஒரு பானத்தைச் சுடச்சுடக் குடிப்பதைக் கண்டு, 1582-இல் வெளியான தம் யாத்திரை நூலில் எழுதினார். ஐரோப்பியர் காப்பியைப் பற்றி எழுதிய முதற் குறிப்புகளில் அது ஒன்று. காப்பி இல்லாமல் பொழுது விடியாத நம்மவர் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சர்ப்பகந்தியைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. அவர் இறந்து நூறு வருஷத்துக்குப் பின், 1703-இல், ப்ளூமியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்தச் செடி வர்க்கத்துக்கு அவர் ஞாபகமாக 'ராவுல்ஃபியா' என்று பெயர் வைத்தார். உலகத்து நூல்களில் எல்லாம் அதுவே நின்றுவிட்டது.

பெயர் எப்படிப் போனால் என்ன? பீகாரிலும் வங்காளத்திலும் கிராமத்து ஜனங்களுக்கு இந்த வேரின் உண்மையான குணம் தெரிந்திருந்தது. பீகாரில் இதற்கு 'பாகல் கி தவா' என்றே பெயர். பைத்தியத்துக்கு மருந்து என்று பொருள். ஏழைத் தாய்மார் அழுகிற குழந்தையைத் தூங்கவைக்கவும் இதைக் கொடுத்தார்கள் என்று படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. கூலி வேலைக்குப் போகவேண்டிய தாய்க்கு வேறு என்ன வழி? மயக்குகிற வேர் என்பது அவர்களுக்குத் தெரியும். எவ்வளவு மயக்கலாம் என்பதை யார் அவர்களுக்குச் சொன்னார்கள்?

படித்தவர்கள் உலகம் இதைக் கவனித்தது 1931-இல். ஆச்சரியம் என்னவென்றால், அதே வருஷத்தில் இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன.

ஒன்று டில்லியிலிருந்து. ஹக்கீம் அஜ்மல் கானை நம் பெரியோர்கள் அறிவார்கள். 1921-இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர். யுனானி வைத்தியத்தில் சிங்கம். நாட்டு மருந்துகளை ரசாயன முறைப்படி ஆராய வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அந்த வேலைக்கு வந்தவர் ஜெர்மனியில் படித்துவிட்டுத் திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற இளைஞர். ஹக்கீம் 1927-இல் காலமாகிவிட்டார். சித்திக்கியும் அவருடன் உழைத்த ரஃபாத் ஹுசேன் சித்திக்கியும் வேரிலிருந்து சில சத்துக்களைப் பளிங்காகப் பிரித்து 1931-இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றுக்கு 'அஜ்மலின்' என்று பெயர். போய்விட்ட பெரியவருக்கு ரசாயனத்தில் ஒரு நடுகல்! அஜ்மலின் வீண்போகவில்லை. இதயத் துடிப்பில் ஒளிந்திருக்கும் ஒருவகைக் கோளாற்றைச் சோதித்து அறிய இன்றும் அது பயன்படுகிறது.

மற்றொன்று கல்கத்தாவிலிருந்து. கவிராஜர் கணநாத் சென் வடமொழியும் ஆங்கில வைத்தியமும் இரண்டையும் கரைத்துக் குடித்தவர். அவரும் கார்த்திக் சந்திர போஸும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வேர்ப் பொடியை 20 முதல் 30 குன்றிமணி எடைக்கு ஒப்பாக அல்ல, கிரெயின் கணக்கில் எடை போட்டு, தினம் இரண்டு வேளை கொடுத்தால் தூக்கம் வருகிறது, ரத்தக்கொதிப்பு இறங்குகிறது, பைத்தியத்தின் வெறி தணிகிறது என்று சொன்னார்கள். கிராமத்துக்காரன் சொன்னதும் இதுதான். இப்போது அது அச்சில் ஏறியது. 1933-இல் கல்கத்தா வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் அவர் கூட்டத்தாரும் பிராணிகளிடம் சோதித்து, ரத்த அழுத்தம் குறைவது உண்மை என்று கண்டார்கள்.

பிறகு? பிறகு ஒன்றும் இல்லை. இந்தியப் பத்திரிகையில் வந்த சேதியைக் கடல் கடந்து யார் படிப்பார்கள்? பதினெட்டு வருஷம் உலகம் தூங்கியது. சர்ப்பகந்தி தின்னாமலே தூங்கியது!

எழுப்பியவர் பம்பாய் இதய வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல். ரத்தக்கொதிப்புள்ள 50 நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்து, ஒவ்வொருவரையும் கவனித்து எழுதி, 1949-இல் பிரிட்டனின் இதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். அப்போதுதான் மேனாட்டார் நிமிர்ந்து பார்த்தார்கள். 1952-இல் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரத்தில், சீபா கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் முல்லர், ஷ்லிட்லர், பைன் என்ற மூவர், வேரின் உயிர்நாடியான சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ரிஸர்பின். ஒரு பிடி வேர் செய்கிற வேலையை ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான தூள் செய்தது. 1956-இல் அமெரிக்காவில் உட்வர்ட் என்ற மேதை, வேரே இல்லாமல் ரசாயனக்கூடத்திலேயே அதை உண்டாக்கிக் காட்டினார்.

இதற்குள் மனநோய் ஆஸ்பத்திரிகளுக்குள்ளும் வேர் நுழைந்துவிட்டது. அந்த நாளில் அங்கே என்ன வைத்தியம் இருந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மின்சார அதிர்ச்சி, இன்சுலின் கொடுத்து நினைவிழக்கச் செய்வது, மண்டையைத் துளைத்து மூளை நரம்பை அறுப்பது, இவை ஒன்றும் பலிக்காவிட்டால் கட்டிப்போடுவது. நியூயார்க் மாகாணத்தில் ராக்லண்ட் ஆஸ்பத்திரியில் நேதன் க்ளைன் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து 1954-இல் எழுதினார். கூச்சல் ஓய்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் உடைவதுகூடக் குறைந்ததாம். 1957-இல் லாஸ்கர் பரிசு க்ளைனுக்கும் கிடைத்தது. நம் வக்கீலுக்கும் கிடைத்தது.

இந்த வேர் உடம்புக்குள் என்னதான் செய்கிறது? நரம்பின் முனைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகள் இருக்கின்றன. ஒரு நரம்பு அடுத்ததற்குச் சேதி சொல்ல வேண்டிய ரசங்கள் அவற்றில் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. நாரட்ரினலின், டோபமின், செரோட்டோனின் என்று அவற்றுக்குப் பெயர். ரிஸர்பின் அந்தப் பைகளின் வாயை அடைத்துவிடுகிறது. உள்ளே போகமுடியாத ரசம் வெளியே கிடந்து அழிகிறது. களஞ்சியத்தில் நெல் ஏறாவிட்டால் வீடு எத்தனை நாள் தாங்கும்? ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கச் சொல்லும் சேதி தளர்கிறது, ரத்தக்கொதிப்பு இறங்குகிறது. மூளையிலும் அதே கதை, ஆவேசம் அடங்குகிறது. மருந்தை நிறுத்தினாலும் களஞ்சியம் நிரம்பச் சில நாள், சில வாரம்கூட ஆகும்.

மூளையில் செரோட்டோனின் வற்றுவதை 1955-இல் அமெரிக்காவில் ப்ரோடியின் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்ஸன் முயல்களுக்கு ரிஸர்பின் கொடுத்தார். அவை காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டன. பிறகு டோபமினுக்கு மூலமான 'டோபா' என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். முயல்கள் எழுந்து ஓடின! கைகால் நடுக்கமும் விறைப்பும் தரும் பார்க்கின்ஸன் நோய்க்கு மருந்து பிறந்தது இந்த வழியிலேதான். கார்ல்ஸனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அசையாமல் உட்கார்ந்த முயல்களைப் பற்றிப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் கண் முன்னால் சாய்வு நாற்காலி வந்துவிட்டது.

மறுநாள் மேலே படித்தேன். 1954-லேயே எட்வர்ட் ஃப்ரைஸ் என்ற அமெரிக்க வைத்தியர், ரத்தக்கொதிப்புக்காகப் பெரிய அளவில் வெகுகாலம் ரிஸர்பின் உண்ட சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்ததைக் கண்டு எச்சரித்திருந்தார். மனச்சோர்வு என்பதே மூளை ரசங்களின் குறைவால் வருவது என்ற கொள்கை எழுவதற்கும் இது ஒரு காரணமாயிற்று. வேறு மருந்துகள் வந்தன. இன்று ரிஸர்பினை எழுதிக் கொடுப்பது அரிதாகிவிட்டது.

என்றாலும் தீர்ப்பு முடிந்துவிடவில்லை. பழைய ஆராய்ச்சிகளை அண்மையில் மறுபடி புரட்டியவர்கள், ரிஸர்பின் மனச்சோர்வைக் கொடுக்கிறது என்பதற்கு நிரூபணம் போதாது என்கிறார்கள். சிறிய அளவில் கொடுத்தால் அந்தப் பயம் குறைவு என்கிறார்கள். தாத்தா உண்டது சிறிய அளவுதான். பாட்டி போன துக்கமோ பெரிய அளவு. நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள். ஆகவே மாத்திரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. விடுதலை செய்யவும் மனம் வரவில்லை.

காட்டுக்கு வந்த கதியையும் சொல்லிவிட வேண்டும். வேருக்காகச் செடியையே பிடுங்க வேண்டும். பிடுங்கினால் செடி போயிற்று. 1950-களில் உலகம் முழுவதும் கேட்டபோது, இமயமலை அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மூட்டை மூட்டையாகத் தோண்டினார்கள். ஆப்பிரிக்காவில் இதன் பங்காளிச் செடி ஒன்றிலும் அதே சத்து இருப்பது தெரிந்த பிறகுதான் பாரம் சற்றுக் குறைந்தது. 1990 முதல் சர்ப்பகந்தி உலக வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

இவ்வளவும் படித்த பிறகு மறுபடி அந்த வைத்தியரைப் பார்க்கப் போனேன். இந்த முறை கல்யாணம் எதுவும் இல்லை. தாத்தாவின் கதையைச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்கள் தகப்பனார் இதை எப்படிக் கொடுப்பார்?" என்று கேட்டேன்.

"ஆளை இந்தத் திண்ணையிலே தங்க வைப்பார் தம்பி. கூட வீட்டு ஆள் ஒருத்தர் இருக்கணும். காலையிலே வந்து முகத்தைப் பார்ப்பார். என்ன தின்னான், எப்படித் தூங்கினான், யார்கிட்டே என்ன பேசினான் எல்லாம் விசாரிப்பார். பேச்சு ரொம்பக் குறைஞ்சிருந்தா அன்னிக்கு மருந்து கிடையாது. வேர் பாதி, விசாரிப்பு பாதின்னு சொல்லுவார்."

சற்று நேரம் கழித்து அவரே, "எல்லாரும் அப்படி இருந்தாங்கன்னு நினைச்சிடாதீங்க. சங்கிலியிலே கட்டி அடிச்சவங்களும் இருந்தாங்க" என்றார்.

பழைய காலத்தைப் பொன்னாக்கிப் பேசுவதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. வேர்ப் பொடியில் அளவு நிச்சயமில்லை, மாத்திரையில் உண்டு. வக்கீல் இல்லாவிட்டால், பாஸல் நகரத்து மூவர் இல்லாவிட்டால், ரத்தக்கொதிப்பால் மாண்டிருக்கக் கூடியவர் எத்தனையோ பேர். அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் கடல் கடந்து போய், பளிங்காகி, மாத்திரையாகித் திரும்பி வந்த வேரோடு, அந்தத் திண்ணை வரவில்லை. ஐம்பது பேரையும் தனித்தனியே கவனித்து எழுதினாரே வக்கீல், அந்தக் கவனமும் மாத்திரைக்குள் அடங்கவில்லை.

தாத்தாவின் கையில் பட்டை கட்டிய டாக்டர் எண்ணைப் பார்த்தார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? வீடு நிறைய மனிதர்கள் இருந்தோம். "தாத்தா, கதை!" என்று நான் கேட்டேன். அவர் சொல்லவில்லை என்றதும் விளையாடப் போய்விட்டேன். ஏன் சொல்லவில்லை என்று ஒருவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவில்லை.

புறப்படும்போது வைத்தியர் ஒரு சிறு கன்றைத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்துக் கொடுத்தார். "பார்க்கத்தான். வேரைத் தொட்டுத் தின்னு பார்த்துடாதீங்க" என்று இரண்டு முறை எச்சரித்தார். இப்போது அது எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. மூன்று மூன்று இலையாக விட்டு வருகிறது. இன்னும் பூக்கவில்லை.